டோக்கியோவில் மூன்று கால் பிளக்

டோக்கியோவில் பார்க்க வேண்டியவை எவ்வளவோ இருக்கின்றன. ஆனால் நீங்கள் அங்கே போய் இறங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது ஹோட்டல் அறையின் சுவரை! ஏன் என்கிறீர்களா? சொல்கிறேன், கேளுங்கள்.

திருச்சியில் என் தம்பியின் குழந்தைக்குப் புண்ணியாகவாசனம். காதில் பெயர் சொல்ல வேண்டியவள் அத்தை. அது எங்கள் வீட்டு வழக்கம். அத்தையோ கணவரின் ஆபீஸ் காரியமாக அவருடன் டோக்கியோவில்! "லாப்டாப் எதற்கு இருக்கிறது அக்கா? அதிலே சொல்லிவிடு" என்று தம்பி தைரியம் சொல்லியிருந்தான். முகூர்த்தம் காலை ஒன்பது மணி. டோக்கியோ நம்மைவிட மூன்றரை மணி முந்திய ஊர். அங்கே அப்போது பகல் பன்னிரண்டரை.

பன்னிரண்டு மணிக்கு லாப்டாப்பைத் திறந்தால், பாட்டரி உயிரை விடுகிற தறுவாயில் இருந்தது. கைப்பேசியும் முதல் நாள் ஊர் சுற்றியதில் ஓய்ந்து கிடந்தது. சார்ஜரை எடுத்துக்கொண்டு சுவரருகே போனேன். பகீரென்றது! நம் பிளக்குக்கு உருண்டையாக மூன்று கால்கள். சுவரிலோ கோடு கிழித்தாற்போல் இரண்டே துவாரங்கள்.

கீழே ஓடினேன். வரவேற்பு மேஜையில் இருந்த பெண், என் கையிலிருந்த பிளக்கைப் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டாள். குனிந்து வணங்கி, தீப்பெட்டி போன்ற ஓர் அடாப்டரை இரு கைகளாலும் நீட்டினாள்.

அறைக்கு வந்ததும் இன்னொரு பயம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஜப்பானில் 100 வோல்ட்தான். அடாப்டர் பிளக்கின் காலை மாற்றுமே தவிர, வோல்ட்டை மாற்றாது. இவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சார்ஜரின் மேலிருந்த பொடி எழுத்தைப் படித்தார்: 100 முதல் 240 வோல்ட், 50, 60 ஹெர்ட்ஸ். அப்பாடா! எந்த ஊர்த் தண்ணீரும் ஒத்துக்கொள்ளும் தேகம் அதற்கு. சொருகினோம், விளக்கு எரிந்தது. பன்னிரண்டரைக்குத் திரையில் குழந்தையின் முகம் தெரிந்தது. தொண்டையை அடைத்துக்கொண்டாலும், மூன்று தடவை பெயரைச் சொல்லிவிட்டேன்.

அந்த வெற்றி தலைக்கேறிவிட்டது. மறுநாள் காலை, ஊரிலிருந்து கொண்டுபோன மின்சாரக் கெட்டிலை அதே அடாப்டரில் சொருகினேன். இவர் குளித்து, உடுத்தி, பேப்பரும் படித்தாயிற்று. காபிக்கு வெந்நீர் வந்தபாடில்லை! கெட்டிலைத் திருப்பிப் பார்த்தால், 230 வோல்ட்டுக்கென்றே செய்தது. 100 வோல்ட்டில் சூடு பாதியாகும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை, ஐந்தில் ஒரு பங்காகிவிடுகிறது.

இதற்கு நேர்மாறானதுதான் ஆபத்து. டோக்கியோவின் அகிஹபாரா வட்டாரத்தில் மின்சாரச் சாமான் கடைகள் கண்ணைப் பறிக்கும். அங்கே 100 வோல்ட் ரைஸ் குக்கரை ஆசையாய் வாங்கி வந்து நம் வீட்டில் சொருகினால், ஐந்து மடங்குக்கு மேல் சூடேறும். சோறு வேகாது, குக்கர்தான் வேகும்! வெளிநாட்டாருக்கென்று நம் வோல்ட்டுக்கு ஏற்பச் செய்தவற்றையும் விற்கிறார்கள். கேட்டு வாங்குங்கள்.

ஒசாகாவுக்கு ஷிங்கான்சென் ரயிலில் போனபோது இன்னொரு விநோதம். ஃபூஜி மலை ஜன்னலில் எட்டிப் பார்க்கும் இடத்தில் ஃபூஜி நதியைக் கடக்கிறோம். மின்சாரத்துக்கும் அந்தப் பக்கந்தான் எல்லையாம்! 1895-இல் டோக்கியோ ஜெர்மன் யந்திரம் வாங்கியது. 1896-இல் ஒசாகா அமெரிக்க யந்திரம் வாங்கியது. அன்று முதல் கிழக்கே 50 ஹெர்ட்ஸ், மேற்கே 60. 2011 பூகம்பத்துக்குப் பின் கிழக்கே மின்சாரம் தட்டுப்பட்டபோது, மேற்கிலிருந்து வேண்டிய மட்டும் அனுப்ப முடியாமல் போனதற்கு இந்தப் பழைய பேதந்தான் காரணம். ஒரே வீட்டில் இரண்டு மாமியார் மாதிரி! நம் சார்ஜர் மட்டும் சமர்த்து. இரண்டு பேருக்கும் தலையாட்டிவிடுகிறது.

ஆகையால், சகோதரிகளே, பெட்டி கட்டும்போது புடவைகளுக்கு நடுவே ஓர் அடாப்டரையும் வையுங்கள். ஒவ்வொரு சாமானையும் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். "230" என்று மட்டும் இருந்தால் அது வீட்டோடு இருக்கட்டும். "100 முதல் 240" என்றிருந்தால் கூடவே அழைத்துப் போங்கள். எந்த ஊரில் இருந்தாலும், அத்தையின் குரல் குழந்தையின் காதை எட்டிவிடும்.