செத்ததையும் எண்ண வேண்டும்

ஆர்க்டிக்கில் உள்ள நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் ரெயின்டீர் எனும் துருவமான்களை எண்ணுகிற வேலைக்கு முதலில் வேண்டியது கால்கள்; கண்கள் பிறகுதான். லாங்யியர்பியன் ஊர் எல்லையைத் தாண்டினால் பனிக்கரடி பயத்தில் துப்பாக்கி தோளில் ஏறிவிடும். அதோடு தொலைநோக்கி, நோட்டு, பென்சில். கோடையில் சூரியன் மறையாது. ஆகவே களைப்பு வந்தால்தான் பொழுது போனதே தெரியும். ஆட்வென்ட் பள்ளத்தாக்கில் 1979 முதல் இந்தக் கணக்கு எடுக்கிறார்கள்.

என் முதல் கோடையில், உயிரோடிருப்பவற்றை மட்டும் குறித்துக்கொண்டு, ஓடைக்கரையில் கிடந்த சடலம் ஒன்றைத் தாண்டி நடந்துவிட்டேன். உடன் வந்த மூத்தவர் எதுவும் திட்டவில்லை. "திரும்பிப் போய்ப் பார்த்துட்டு வா" என்றார். முக்கால் மணி நேரம் திரும்பி நடந்தேன்.

அன்றுதான் சடலத்தைப் படிக்கக் கற்றேன். கீழ்த்தாடையைப் பார்த்தால் வயது தெரியும். கடைவாய்ப்பல் தேய்ந்து மழுங்கியிருந்தால் கிழடு. தொடை எலும்பை உடைத்தால் மஜ்ஜை பேசும். நல்ல உடம்பில் அது வெள்ளையாக, மெழுகு போல இருக்கும். பட்டினியில் செத்த மானுக்குச் சிவந்து, கூழாகிக் கிடக்கும். உடம்பு தன் கடைசிக் கொழுப்பையும் தின்று தீர்த்திருக்கிறது என்று அர்த்தம்.

இந்த மான்களைக் குளிர் கொல்வதில்லை. குட்டைக்கால், உருண்ட உடல், அடர்ந்த ரோமம், கோடையில் மேய்ந்து சேர்த்த கொழுப்பு என்று குளிருக்காகவே வளர்ந்தவை. கொல்வது மழை. நடுக்குளிர்காலத்தில் வெப்பக்காற்று வந்து பனிமேல் மழை பெய்தால், இறங்கிய நீர் தரையோடு உறைந்து கண்ணாடிப் பாளமாகிவிடும். புல் அடியிலேயே இருக்கும், குளம்பால் உடைக்க முடியாது. 2019இல் நார்வே துருவ ஆய்வுக் கழகத்தினர் இப்படி இருநூறுக்கும் மேற்பட்ட சடலங்களைக் கண்டார்கள். வழக்கமாகக் குட்டிகளும் கிழங்களுமே முதலில் போகும். பல் தேயாத தாடைகள் கையில் வர ஆரம்பித்தால் எனக்கு நெஞ்சு கனத்துவிடும்.

வைக்கோல் போடக்கூடாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கும் அந்த ஆசை வந்ததுண்டு. ஆனால் பட்டினியில் வாடிய இரைப்பைக்குத் திடீரென்று புதுத் தீனி கொடுத்தால் அதுவே நஞ்சாகலாம். நாம் செய்யக்கூடியது, குளிர்காலக் கடைசியில் அவற்றை ஓடவிடாமல் இருப்பது. படத்துக்காக நெருங்குகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். ஒவ்வொரு ஓட்டத்தையும் மிச்சமிருக்கிற கொழுப்பில்தான் அவை ஓடுகின்றன.

வேட்டையால் அருகிப்போயிருந்த இனம் இது. 1925இல் பாதுகாப்பு கிடைத்த பிறகு மெல்ல மீண்டது. 2019இல் வெளியான மதிப்பீட்டின்படி தீவுக்கூட்டம் முழுக்க ஏறத்தாழ 22,000. சூடேறும் பருவநிலை ஒரு கையால் பனிப்பாளம் போடுகிறது. இன்னொரு கையால் கோடையை நீட்டிப் புல் வளர்க்கிறது. பஞ்சத்துக்குப் பிந்திய சில ஆண்டுகளில் மந்தை பெருகியதையும் பார்த்திருக்கிறேன். எந்தக் கை ஓங்கும் என்று ஆண்டுதோறும் நடந்து எண்ணித்தான் அறிய வேண்டியிருக்கிறது.

என் நோட்டில் ஐந்து கட்டங்கள்: ஆண், பெண், ஒரு வயதுக்காரி, குட்டி, செத்தது. சென்ற ஜூலையில் அதே ஓடைக்கரைக்கு மறுபடி போனேன். பழைய எலும்புகளைச் சுற்றி மட்டும் புல் கரும்பச்சையாக அடர்ந்திருந்தது. அதில் ஒரு பெண்மான் மேய்ந்துகொண்டிருந்தது. பின்னால் ஈரமூக்கோடு ஒரு குட்டி. இரண்டு கோடுகள் போட்டுவிட்டு, அவை தாமாக நகரும்வரை காற்றுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்.