தங்காக் சாலையில் ஒரு டயர்க் கணக்கு

லேடாங் மலை முகிலைத் தலையில் கட்டிக்கொண்டு நிற்கும் காலை வேளையில் தங்காக் பட்டணத்தைப் பார்க்க வேண்டும். 1,276 மீட்டர் உயர்ந்த அந்த மலையின் காலடியில் கடைவீதி நெடுகத் துணிக்கடைகள். தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் துணியெடுக்க மலாக்காவிலிருந்தும் மூவாரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். 2015 வரை லேடாங் என்றிருந்த மாவட்டத்தின் பெயரே இப்போது தங்காக்தான்.

பள்ளி விடுமுறையில் நான் அங்கே போனது துணியெடுக்க அல்ல; டயர் பார்க்க.

சாகில் பக்கம் மலையடிவாரத்தில் என் மைத்துனருக்குக் கொஞ்சம் செம்பனை நிலம் உண்டு. ஆண்டுக் கடைசி மழையில் நிலத்துக்குப் போகும் மண்பாதை களிச்சேறாகிவிடும். குலையேற்றிய பிக்கப் புதைந்து நின்றால் அன்றைய பொழுது போயிற்று. பின் டயர் இரண்டும் தேய்ந்து போகவே, கடைக்காரர் மலிவாகக் கொடுத்தாரென்று சற்றே பெரிய டயர்களைப் பின்னால் மட்டும் மாட்டி வந்துவிட்டார்.

"ஒரு நம்பர்தானே மாமா வித்தியாசம்? 65க்குப் பதில் 70!" என்றார்.

அந்த நம்பர் என்னவென்று பார்ப்போம். பழைய டயரில் 265/65 ஆர் 17 என்றிருந்தது. 265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு. ஆர் என்றால் ரேடியல். 17 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். ரிம் 432 மில்லிமீட்டர்; மேலும் கீழும் சுவரைக் கூட்டினால் மொத்தம் 776. புதியதில் அதே கூட்டல் 803. ஆக, வண்டி உயர்வது இதில் பாதி, சுமார் 13 மில்லிமீட்டர். ஒரு விரல் அகலம் தேறாது. சேற்றுக்கு அது எம்மாத்திரம்?

ஆனால் ஒரு கிலோமீட்டருக்குள் பழைய டயர் ஏறக்குறைய 410 தடவை சுற்றுகிறது. புதியது 397 தடவைதான். முன்னால் ஒரு கணக்கு, பின்னால் ஒரு கணக்கு. சாதாரணமாகப் பின் சக்கரம் மட்டும் இழுக்கையில் இது தெரியாது. நாலு சக்கரமும் இழுக்கும்படி போட்டால், இவ்வகை வண்டிகளில் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். சேற்றில் டயர் வழுக்கி அந்தப் பதின்மூன்று சுற்றைச் சரிக்கட்டிவிடும். தார்ச்சாலையில் வழுக்க இடமேது? முறுக்கமெல்லாம் கியர்ப் பெட்டியிலும் தண்டிலும் ஏறும்.

அப்படியேதான் ஆயிற்று. குலையேற்றிச் சாலைக்கு வந்தவர் பூட்டை எடுக்க மறந்து ஓட்டியிருக்கிறார். கைச்சக்கரம் இறுகியது, அடியில் டக்டக்கென்று சத்தம். பிள்ளைகள் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வளைவில் வண்டி நேரே போகப் பார்த்ததாம். பட்டறைச் செலவு இரண்டு மாதக் குலைக்காசை விழுங்கிவிட்டது. என் அக்காளாயிருந்தால் ஒரு வாரம் பேசியிருக்க மாட்டாள். அவர் மனைவி ஒரே நாளில் மன்னித்தது பெரிய விஷயம்.

அதனால்தான் டயர்க்கடைக்கு என்னையும் கூட்டிப் போனார். நாலும் ஒரே அளவாக வேண்டும் என்பதில் இருவருக்கும் பேச்சில்லை. பழைய அளவுக்கே திரும்பலாம் என்றேன். வாங்கியதை வீசுவதா என்று பெரியதையே இன்னும் இரண்டு வாங்கினார். டயரில் 112 என்ற எண்ணையும் பார்க்கச் சொன்னேன். ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும் என்று பொருள். அளவு பார்க்கிறவர்கள்கூட இதைப் பார்ப்பதில்லை.

கடைக்கு வெளியே காத்திருந்தபோது ஒரு நினைவு. எல்லை தாண்டினால் மலாக்கா மாநிலம். அங்கே புக்கிட் லிந்தாங்கில் 1896இல் டான் சாய் யான் ரப்பர் நட்டார்; பிறகு புக்கிட் ஆசாகானிலும் நட்டார். அதற்கு எட்டாண்டுக்கு முன், 1888இல், டன்லப் காற்றடைத்த டயரைச் செய்திராவிட்டால் நம் பாட்டன்மாருக்கு இந்த மலையடிவாரத்தில் என்ன வேலை இருந்திருக்கும்? இன்று பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. டயர் மட்டும் நம்மை விடுவதாயில்லை.

டயர் மாட்டியதும் நெடுஞ்சாலையேறி வடக்கே போனோம். ஓரத்துக் கிலோமீட்டர்ப் பலகைகளை நான் எண்ணினேன்; அவர் மீட்டரைக் கவனித்தார். பழைய டயரில் இரண்டும் ஒத்துப்போகும் என்பார். இப்போது பலகைக் கணக்கில் 30 கிலோமீட்டர் போனபோது மீட்டர் 29தான் காட்டியது. வேகமுள்ளும் அப்படித்தான் குறைத்துக் காட்டும். முள் 110 என்றால் ஓட்டம் 114க்கு அருகே. புது வண்டிகளில் முள் உண்மை வேகத்துக்குக் கீழே காட்டக்கூடாதென்பது விதி; ஆகவே கொஞ்சம் கூட்டியே காட்டும்படி செய்கிறார்கள். அந்தச் சலுகையைத்தான் பெரிய டயர் தின்றுவிடுகிறது. எண்ணெய் மாற்றும் கணக்கும் பிந்தும்: மீட்டரில் 10,000 என்றால் ஓடியது 10,340.

திரும்பி வந்து சாகில் பக்கம் மேடேறியபோது வண்டி கொஞ்சம் திணறியது. "குலை ஏறினால் இன்னும் சோரும் போலிருக்கே" என்றார். ஆம், பெரிய சக்கரத்தைச் சுற்ற இஞ்சினுக்கு இழுவை குறைகிறது. முழுக்கத் திருப்பினால் உரசுகிறதா என்று வாசலிலேயே பார்த்தோம். இடப்பக்கம் சேற்றுத்தடுப்பில் மெல்ல உரசியது. அதைச் சீவிவிடலாம். அடியில் தொங்கும் மாற்று டயர்தான் பழைய அளவு. "அதை மாட்ட நேர்ந்தால் நாலு சக்கரப் பூட்டைத் தொடாதீர்கள், தம்பி" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. மகளின் பள்ளிக் கொப்பியில் ஒரு தாள் கிழித்து, "முள் 106 = 110" என்று எழுதி மீட்டருக்குப் பக்கத்தில் ஒட்டினார்.