முத்துச் சிப்பியும் மூன்று அணு டிரான்சிஸ்டரும்

தூத்துக்குடிக் கடலில் முத்துச் சிப்பி எல்லா இடத்திலும் கிடைத்துவிடாது. கடலடியில் பாறைத் திட்டுகள் உள்ள இடங்களில்தான் கிடைக்கும். அந்தத் திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர். தொள்ளாயிரம் பார் என்றே ஒன்று உண்டு. நடுவில் எல்லாம் மணல்தான். முத்துக் குளித்த காலத்தில் (கடைசியாக நடந்தது 1961-ல்) ஒரு பாரை விட்டால் அடுத்த பாருக்குத்தான் படகு போக வேண்டும்.

தலைப்பில் டிரான்சிஸ்டர் இருக்கிறதே, அது எங்கே என்கிறீர்களா? எலெக்ட்ரான்களும் சில சமயம் இப்படித்தான் பார் விட்டுப் பார் தாவுகின்றன!

2004-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்திரே கெய்மும் நோவோசெலோவும் சாதாரண ஒட்டும் டேப்பை வைத்து, கிராஃபைட்டிலிருந்து ஒரே அணு தடிமனுள்ள கிராஃபீனைப் பிரித்தெடுத்தார்கள். 2010-ல் நோபல் பரிசும் கிடைத்தது. கிராஃபீனில் எலெக்ட்ரான் பறக்கும். ஆனால் அதற்கு ஆற்றல் இடைவெளி கிடையாது. எனவே டிரான்சிஸ்டரை முழுதாக 'ஆஃப்' செய்ய முடியாது. அணைக்க முடியாத சுவிட்ச் யாருக்கு வேண்டும்?

அடுத்து வந்தது மாலிப்டினம் டைசல்ஃபைடு. இரண்டு கந்தக அடுக்குக்கு நடுவே ஒரு மாலிப்டினம் அடுக்கு. மொத்தத் தடிமன் 0.65 நானோமீட்டர். ஆற்றல் இடைவெளி சுமார் 1.8 எலெக்ட்ரான் வோல்ட். 2011-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஆந்த்ராஸ் கிஸ் குழுவினர் இதன் ஒற்றை அடுக்கில் செய்த டிரான்சிஸ்டரில், ஆன் மின்னோட்டம் ஆஃப் மின்னோட்டத்தைப் போல் 10 கோடி மடங்கு இருந்தது.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. அதே 2011-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அரிந்தம் கோஷ் குழுவினர் இந்த மெல்லிய தாளைக் குளிரவைத்து மின்னோட்டத்தை அளந்தார்கள். எலெக்ட்ரான்கள் சீராக ஓடவில்லை. ஆங்காங்கே சிறைப்பட்டு, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவிக்கொண்டிருந்தன. குளிர் கூடினால் பக்கத்து இடத்துக்குத் தாவக்கூட ஆற்றல் போதாது. கொஞ்சம் தூரமானாலும் தன் ஆற்றலுக்கு ஒத்த இடத்தைத்தான் எலெக்ட்ரான் தேடும்.

குற்றம் யாருடையது? தாளைவிட, அது உட்கார்ந்திருந்த தரையைத்தான் அவர்கள் சந்தேகித்தார்கள். அந்தத் தரை சிலிக்கான் டைஆக்சைடு. அதில் மாட்டிக்கொண்ட மின்னூட்டங்கள் மேலே ஓடும் எலெக்ட்ரான்களுக்குப் பள்ளம் பறித்துவிடுகின்றன. தடித்த பொருளில் எலெக்ட்ரான் கொஞ்சம் உள்ளே ஒதுங்கி ஓடலாம். மூன்று அணுத் தாளில் 'உள்ளே' என்று ஓரிடமே இல்லையே!

தரையை மாற்றினால்? 2010-லேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கிராஃபீனுக்கு அடியில் போரான் நைட்ரைடு படிகத்தை வைத்துப் பார்த்திருந்தார்கள். 2015-ல் மாலிப்டினம் டைசல்ஃபைடை இரண்டு போரான் நைட்ரைடு அடுக்குகளுக்கு நடுவே மூடினார்கள். கடுங்குளிரில், ஆறடுக்குத் தாளில் எலெக்ட்ரான் இயக்கத்திறன் 34,000 சதுர செ.மீ./வோல்ட்-நொடி வரை போனது.

1973-ல் தூத்துக்குடி அருகே வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்து எடுத்தார்கள். உள்ளே வைத்த மணியைச் சிப்பி மெல்லிய அடுக்குகளால் மூடி முத்தாக்குகிறது. சிப்பி மூடுவது வெளியிலிருந்து வந்த பொருளை. இங்கே மூட வேண்டியது நம் பொருளையே. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த 34,000 என்பது உரித்தெடுத்த சின்னத் துண்டுகளில் கிடைத்தது. சில்லுத் தகடு முழுக்க அதே சுத்தம் வர வேண்டும். புதுப் பொருள் ஒன்று வந்துவிட்டது என்று இனி எங்காவது படித்தால், அது எந்தத் தரையில் உட்கார்ந்திருக்கிறது என்றும் கேளுங்கள்.