கரண்ட்

அப்பாவுக்குக் கரண்ட் வைக்கிறார்கள். மேலநீலிதநல்லூரில் யார் விசாரித்தாலும் அம்மா இப்படித்தான் சொல்கிறாள். கதிரியக்கச் சிகிச்சை என்று நான் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "அது என்னய்யா, கரண்ட்டா?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மை. ஆமாம் என்றேன். மொழி பற்றிப் பத்து வருஷமாகக் கட்டுரை எழுதுகிறவன் தோற்ற இடங்களில் இது ஒன்று.

நோய் வந்த சுரப்பிக்குத் தமிழில் முன்னிற்குஞ்சுரப்பி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கிரேக்கச் சொல்லின் நேர் பெயர்ப்பு. அப்பாவிடம் அதைச் சொல்ல முடியாது. அவருக்கு அது 'மூத்திரக் கோளாறு'. அதற்குமேல் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் சுரப்பியை எடுத்தாயிற்று. எடுத்தபின் ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்கிற புரதம் அநேகமாகப் பூஜ்யத்துக்கு வந்துவிட வேண்டும். 0.2-ஐத் தொட்டு, மறுபடி சோதித்தாலும் குறையாமலிருந்தால் எங்கோ மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். அப்பாவுக்கு 0.2, பிறகு 0.4. ஸ்கேனில் ஒன்றுமில்லை. இந்த அளவில் பெரும்பாலும் தெரியாதாம். தெரியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, 0.5-க்குள் தொடங்கினால்தான் பலன் கூடுதல் என்றார் டாக்டர். சுரப்பி இல்லாத இடத்தில், காணாத நோய்க்கு, காண முடியாத கதிர். சாமி கும்பிடாத எனக்கு இதை நம்புவதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை. வங்கி கௌண்டரில் தசமப் புள்ளிகளோடு காலம் தள்ளுகிறவன்.

மதுரையில் அறை எடுத்துத் தங்கினோம். நாளுக்கு 2 கிரே வீதம் 33 நாள். மொத்தமாக வைத்தால் நல்ல சதையும் வெந்துவிடும். தவணையாக வைத்தால் நல்ல செல்கள் இடைவெளியில் தம்மைச் சரிசெய்துகொள்ளும். புற்றுச் செல்களுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு.

சிரமம் தண்ணீரில் வந்தது. மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் குடல் விலகி நிற்கும், கதிர் படாது. எனவே அரை லிட்டர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு படுக்க வேண்டும். அறுவையில் அவருக்குப் போனதே அந்த அடக்கும் சக்திதான். ஒன்பதாம் நாள் கதவுக்கு வெளியே வேட்டி நனைந்துவிட்டது. பெஞ்சில் எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். நான் கழிப்பறையில் வைத்து வேட்டி மாற்றிவிட்டேன். அப்பாவின் உடம்பை முதல்முறையாகப் பார்த்தேன். பேனா மையில் குறி போட்ட ஒரு வயிறு. "நாளைக்கு வேண்டாம்ல, ஊருக்குப் போயிருவோம்" என்றார்.

அன்று இரவு ஸோல்ஜெனித்ஸினைப் பற்றி அவருக்குச் சொன்னேன். 1952-ல் சிறை முகாமில் கட்டியை அறுத்தார்கள், திரும்பி வந்தது, 1954-ல் தாஷ்கெண்டில் கதிர் வைத்தார்கள், 2008 வரை இருந்தார். அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: "அவருக்கும் தண்ணி குடிக்கச் சொன்னாவளா?" எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் மறுநாள் வந்தார்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே எழுதிவிட வேண்டும். நம் வெகுஜன எழுத்தை 'இலக்கியத்தின் உடம்பில் பரவும் புற்றுநோய்' என்று முன்பு ஒரு கட்டுரையில் எழுதினேன். நண்பர்கள் அந்த வரியை மெச்சினார்கள். நோயை உருவகமாக்குவதைக் கண்டித்து ஸூஸன் ஸாண்டாக் 1978-லேயே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார் என்பதும், கதிர்ச்சிகிச்சைக்காரர்கள் விமானத் தாக்குதலின் பாஷையில் பேசுவதை அதில் சுட்டிக்காட்டியிருக்கிறார் என்பதும் எனக்கு அப்போதே தெரியும். படித்துவிட்டுத்தான் எழுதினேன். வரி நன்றாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாட்களில் அந்த வரி நினைவுக்கு வரும்போதெல்லாம் கூசியது.

அம்மாவுக்கு இந்தச் சங்கடமில்லை. சங்கரன்கோவிலிலிருந்து புற்றுமண் கொண்டுவந்தாள். எந்த வியாதிக்கும் கோமதியம்மன் கோயிலின் அந்த மண் மருந்து என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. புற்றுக்குப் புற்று. அடிவயிற்றில் பூசப் போனாள். குறி அழிந்துவிடும், கதிர் படுகிற தோலில் எதையும் பூசக் கூடாது என்று கத்திவிட்டேன். அவள் பதில் சொல்லவில்லை.

மறுநாள் காலை அப்பா குடிக்க வைத்திருந்த தண்ணீரின் அடியில் லேசாகச் செம்மண் படிந்திருந்தது. அவரும் பார்த்தார். பாட்டிலைக் குலுக்கிவிட்டுக் குடித்தார். அன்று அடக்க முடிந்தது. இன்னும் பதினாலு நாள் பாக்கி.