நெய்யப்பட்ட நிரல்

கணினி நிரல் ஒன்றை எழுதியவரே ஓராண்டு கழித்து அதைத் திறந்து பார்க்கையில், ‘இவ்வரி எதற்காக?’ என்று திகைப்பதுண்டு. பொறிக்கு அத்திகைப்பு இல்லை. காரணம் அறியாமலே கட்டளையை நிறைவேற்றிவிடும். காரணம் வேண்டுபவர் மனிதரே. பழுது பார்க்க வேண்டியவரும் அவரே.

அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்டு கனூத் இதனை நன்குணர்ந்தவர். 1977இல், தம் நூலின் மறுபதிப்புக்கு வந்த அச்சுப்படிகளைக் கண்டு அவர் மனம் சலித்தார். எழுத்துகளும் கணிதக் குறியீடுகளும் அழகிழந்திருந்தன. அச்சுக்கோப்புக்குத் தாமே மென்பொருள் செய்யப் புகுந்தார். ‘டெக்’ எனப்படும் அம்மென்பொருள் பத்தாண்டுக்கு மேல் அவர் உழைப்பை விழுங்கிற்று. அத்துணைப் பெரிய நிரலைப் பிறர் எங்ஙனம் படித்தறிவர்? இவ்வினாவுக்கு விடையாக அவர் உருவாக்கிய கருவியே ‘வெப்’. இணையத்துக்கு அப்பெயர் வழங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே பிறந்தது அது.

வெப் முறையில் நிரலாளர் எழுதுவது ஒரே கோப்பு. அதில் விளக்கமும் கட்டளையும் அடுத்தடுத்து வரும். முதலில் கருத்து, பின்னர் அதன் கூறுகள், இறுதியில் நுணுக்கங்கள் என ஆசிரியர் மாணவருக்குச் சொல்லும் வரிசையில் அவர் எழுதிச் செல்லலாம். ‘வீவ்’, அதாவது நெய்தல், என்னும் கருவி அக்கோப்பிலிருந்து பொருளடைவுடன் கூடிய நூலை ஆக்கித் தரும். ‘டேங்கிள்’, அதாவது சிக்காக்குதல், என்னும் மற்றொன்று விளக்கங்களை நீக்கி, பொறி கேட்கும் வரிசையில் கட்டளைகளை அடுக்கிக் கொடுக்கும். பஞ்சிலிருந்து இழை நூற்பதை நூல் இயற்றுவதற்கு உவமையாக்கிய நன்னூலைக் கற்றவர்க்கு இப்பெயர்கள் அயலாகத் தோன்றா.

1986இல் டெக் நிரல் முழுவதும் அச்சு நூலாகவே வெளிவந்தது. பிழை கண்டுரைத்தோர்க்குக் கனூத் காசோலை அனுப்பினார். டெக் பிழைக்கான பரிசு ஆண்டுதோறும் இரட்டித்து, 327.68 டாலரில் நின்றது. தம் நிரலைப் பிறர் வரி வரியாகப் படிக்க வேண்டும் என்று அவர் உண்மையாகவே விரும்பினார்.

ஆயினும் அம்முறை பரவலாகவில்லை. நிரலும் உரைநடையும் ஒருங்கே கைவரப்பெற்றோர் சிலரே. மேலும், அவசரத்தில் கட்டளையை மட்டும் திருத்திவிட்டு அருகிலுள்ள விளக்கத்தை மறந்துவிட்டால், அது பொய்யுரையாகிவிடும். விளக்கமே இல்லாமையினும் அது கேடு. இன்று ஆய்வாளர் பலர் ‘ஜூபிட்டர்’ ஏட்டில் விளக்கத்தையும் பைத்தான் கட்டளைகளையும் ஒரே பக்கத்தில் எழுதுகின்றனர். கனூத்தின் கனவில் ஒரு பாதிதான் அது. மனிதர்க்கு உகந்த வரிசையில் எழுதியதைப் பொறியின் வரிசைக்கு மாற்றித் தரும் டேங்கிளின் வேலையை அது செய்வதில்லை. எழுதுபவரே அங்குப் பொறியின் வரிசைக்கு இணங்கிப் போகிறார்.