40 மணி நேரமும் 10 கேஸும்

வக்கீலுக்கு வாய்தான் முதலீடுன்னு சொல்வாங்க. அந்த முதலீட்டை மூட்டை கட்டி ஓரமா வெச்சுட்டு, எதிரில் இருக்கறவர் பேசறதை எப்படிக் கேட்கறதுன்னு சொல்லித்தர ஒரு பயிற்சி இருக்கு. மொத்தம் 40 மணி நேரம். கோர்ட் மீடியேட்டர், அதாவது சமரசர் ஆகறதுக்கான பயிற்சி. இருபது வருஷம் சிவில் பக்கம் குப்பை கொட்டின பிறகு இப்பத்தான் அதில் போய் உட்கார்ந்தேன்.

முதல்ல கொஞ்சம் சரித்திரம் (போரடிச்சா அடுத்த பாராவுக்குத் தாவிடுங்க). சிவில் நடைமுறைச் சட்டத்தின் இப்போதைய 89-வது பிரிவு 2002 ஜூலையில் அமலுக்கு வந்தது. பேசித் தீர்க்க வாய்ப்பிருக்கற வழக்கை கோர்ட்டே சமரசத்துக்கு அனுப்பலாம்னு அது சொல்லுது. 2005-ல் சென்னை ஹைகோர்ட்டில் சமரச தீர்வு மையம் தொடங்கினாங்க. நாட்டிலேயே கோர்ட்டோடு இணைஞ்ச முதல் மையம் அதுதான். அதே வருஷம் சுப்ரீம் கோர்ட் இதுக்காக ஒரு கமிட்டி அமைச்சது. சமரசர் ஆகறதுக்கு 40 மணி நேரப் பயிற்சியும் 10 நிஜ கேஸும் அவசியம்னு அளவு வெச்சது அந்தக் கமிட்டிதான். 2023-ல் சமரசத்துக்குன்னு தனிச் சட்டமே வந்தாச்சு.

சமரசம்னதும் நமக்கு ஞாபகம் வர்றது என்ன? ஆலமரம், சொம்பு, மீசை. 1994-ல் வந்த 'நாட்டாமை' படத்தைப் பார்த்தவங்களுக்கு வேற எதுவும் தோணாது :-) பயிற்சியில் முதல் நாளே அடிச்சு நொறுக்கறது அந்தப் பிம்பத்தைத்தான். நாட்டாமை தீர்ப்பு சொல்வார். சமரசர் சொல்லக்கூடாது. யார் பக்கம் நியாயம்னு கோடி காட்டக்கூட அனுமதி இல்லை. முதல்ல ரெண்டு தரப்பையும் ஒண்ணா உட்கார வெச்சுக் கேட்கணும். அப்புறம் தனித்தனியா கேட்கணும். தனியா சொன்னதை, சொன்னவர் சம்மதம் இல்லாம அடுத்தவர் காதில் போடக்கூடாது. கேஸ் தீரலைன்னா 'தீரவில்லை'ன்னு மட்டும் கோர்ட்டுக்கு எழுதணும். ஏன் தீரலை, யார் முரண்டு பிடிச்சாங்கன்னு ஒரு வரி கூடாது.

மூணாவது நாள் நடிப்பு. எங்களுக்குள்ளேயே ஒருத்தர் கட்டட ஓனர், ஒருத்தர் அதில் பதினெட்டு வருஷமா தையல் கடை நடத்தற டெய்லர். ஓனரோட பொண்ணு பல் டாக்டர், கிளினிக் வைக்க இடம் வேணும். டெய்லர் காலி பண்ண மாட்டேங்கறார். முதல்ல சமரசரா உட்கார்ந்த நண்பர் ஏழே நிமிஷத்தில் "ரெண்டு லட்சம் குடுங்க, நீங்க மூணு மாசத்துல காலி பண்ணுங்க" என்று முடித்துவிட்டார். பயிற்சியாளர் அமைதியா கேட்டார்: "பிரமாதம் சார். அப்பீல் எந்தக் கோர்ட்ல?"

அடுத்து என் முறை. அட்வான்ஸ், வாடகை பாக்கி, 2017 வாடகைச் சட்டம் எல்லாம் மனசுக்குள்ள கணக்கு ஓடுது. எதையும் வெளியில் விடாம, டெய்லரைத் தனியா உட்கார வெச்சு ஒரே கேள்விதான் கேட்டேன். "காலி பண்ணினா உங்களுக்கு என்ன ஆகும்?" டெய்லரா நடிச்ச மதுரைக்கார அம்மா நிஜமாவே குரல் தழுதழுக்கச் சொன்னாங்க: "தீபாவளிக்குத் தைக்க வர்றவங்க இந்தப் படிக்கட்டைத்தான் தேடி வருவாங்க. பூட்டியிருந்தா அடுத்த தெரு டெய்லர்கிட்ட போயிடுவாங்க சார்." இதை ஓனர்கிட்ட சொல்லலாமான்னு கேட்டேன். சரின்னாங்க. கடைசியில் முடிவானது இதுதான்: தீபாவளி முடிஞ்சு காலி பண்றது, புது முகவரியும் போன் நம்பரும் போட்ட போர்டு அந்தச் சுவரில் ஆறு மாசம் இருக்கறது. "போர்டுதானே, வெச்சுக்கோங்க" என்றார் ஓனர்.

அந்தப் போர்டை எந்தக் கோர்ட்டும் தந்திருக்காது. ஏன்னா எந்த வக்கீலும் அதைக் கேட்டு மனு போட்டிருக்க மாட்டோம்.

சரி, எல்லாம் இப்படி இனிப்பா முடியுமா? எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருந்தது. பாகப்பிரிவினை கேஸ்களில் அக்கா தங்கச்சிங்க "அண்ணன் மனசு நோகக்கூடாது" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போறதை நிறையப் பார்த்திருக்கேன். பொண்ணுக்கும் பையனுக்கும் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம உரிமைன்னு 2005-ல் நாடு முழுக்கச் சட்டம் திருத்தியாச்சு. அப்படி ஒரு அம்மா என் எதிரில் உட்கார்ந்து, "ஒரு லட்சம் குடுத்தா போதும், எழுதிக் குடுத்துடறேன்" என்றால்? அவங்க வக்கீலா இருந்தா கத்தியிருப்பேன். சமரசரா இருந்தா?

பயிற்சியாளர்கிட்ட கேட்டேன். "தனியா கூப்பிடுங்க. உங்க பங்கு எவ்வளவுன்னு உங்க வக்கீல்கிட்ட கேட்டீங்களான்னு கேளுங்க. மிரட்டல் இருக்குன்னு தோணினா அங்கேயே நிறுத்துங்க. எல்லாம் தெரிஞ்சும் விட்டுக் குடுத்தா அது அவங்க முடிவு. உங்க முடிவு இல்ல."

முதல் பாதியை அப்படியே ஏத்துக்கறேன். கடைசி வரிதான் இன்னும் தொண்டையில் நிக்குது. மோசடி, போலிப் பத்திரம், மிரட்டல் பத்தின கேஸெல்லாம் பொதுவா சமரசத்துக்கு ஏத்தது இல்லைன்னு 2010-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. ஆனா வீட்டுக்குள்ள நடக்கற மிரட்டல் வழக்கு மனுவில் எழுதியா இருக்கும்? தெரிஞ்சுதான் விட்டுக் குடுக்கறாங்களா, சின்ன வயசிலிருந்து விட்டுக் குடுத்தே பழகினதால விட்டுக் குடுக்கறாங்களா? இதை என்ன கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்கறது? 40 மணி நேரத்தில் அதுக்கு விடை கிடைக்கலை. இப்போதைக்கு நானே ஒரு பழக்கம் வெச்சுக்கிட்டேன். விட்டுக் குடுக்கறேன்னு யார் சொன்னாலும் அன்னிக்கே கையெழுத்து கிடையாது. வீட்டுக்குப் போய் யோசிச்சுட்டு அடுத்த வாய்தாவுக்கு வாங்கன்னு அனுப்பிடறது. அவசரம்னு யார் குதிக்கறாங்கன்னு பார்த்தாலே பாதி கதை தெரிஞ்சுடும்.

10 கேஸில் இதுவரை நாலு முடிஞ்சிருக்கு. ரெண்டு தீர்ந்தது, ரெண்டு தீரலை. அதுக்கு மேல ஒரு வார்த்தை எழுத மாட்டேன். அறைக்குள்ள பேசினது அறையோட சரி. தீர்ந்த ரெண்டு பேருக்கும் கட்டின கோர்ட் ஃபீஸ் முழுசா திரும்பக் கிடைக்கும், அதை மட்டும் சொல்லலாம். இது நிறையப் பேருக்குத் தெரியாது.

வீட்டிலும் மாற்றம் தெரியுதாம். "இப்பல்லாம் நான் பேசி முடிக்கற வரைக்கும் குறுக்கே பேசறதில்லையே, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று தங்கமணி நெத்தியைத் தொட்டுப் பார்க்கிறாள். நானும் பேசாமத்தான் இருக்கேன். இன்னும் ஆறு கேஸ் பாக்கி இருக்கே!