கொக்கியில் தொங்கும் தூக்கம்

மெக்சிகோவின் யுகடான் மாநிலத்தில் கட்டில் இல்லாத வீடுகள் உண்டு. சுவரில் இரும்புக் கொக்கி இல்லாத வீடு அபூர்வம். தலைநகர் மெரிடாவின் ஓட்டல் அறைகள் சிலவற்றில்கூடக் கொக்கிகள். வெயில் வறுக்கும் ஊரில் மெத்தை எதற்கு? வலைத் தொட்டிலில் அடியிலிருந்தும் காற்று வரும். அதைப் பின்னுவதில் பக்கத்து ஊரான டிஷ்கோகோப் பெயர் பெற்றது.

புதிதாக வருபவர்கள் வலையை விறைப்பாக இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். ஆபத்தே அதில்தான். 60 கிலோ ஆள் படுக்கும்போது கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்திருந்தால் ஒவ்வொரு கொக்கியிலும் இழுவை 60 கிலோ. 10 டிகிரி என்றால் சுமார் 170! தனியாக நிற்கும் செங்கல் தூண் பெயர்ந்து, படுத்திருப்பவர் மேலேயே சாயலாம்.

உள்ளூர்க்காரர்கள் தொய்வாகவே கட்டுகிறார்கள். முதுகு வளையாதா? நீளவாக்கில் படுத்தால் வளையும். இவர்கள் படுப்பது குறுக்காக.